கிருபைக்கு மொய் நோட்டு இல்லை: சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயத்தின் பின்பக்க அறையில் புதியவர்களுக்கென்று ஒரு மணிநேர வகுப்பு நடக்கும். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் வருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேறு நம்பிக்கையிலிருந்து வந்தவர்களும், சின்ன வயதில் விட்டுப்போய் இப்போது திரும்பி வந்தவர்களும் இருப்பார்கள். பதினொரு வருடமாக அந்த வகுப்பை நான் எடுக்கிறேன். முதல் இரண்டு வாரத்துக்குள் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டுவிடுவார்: “சரிங்க, ஆண்டவர் இவ்வளவு செஞ்சிருக்காரு. இதுக்குப் பதிலா நாங்க என்ன செய்யணும்?”

நல்ல மனம் உள்ளவர்களிடமிருந்துதான் இந்தக் கேள்வி வரும். நானும் இதைக் கேட்டுக்கொண்டுதான் சபைக்குள் வந்தேன். ஆனால் இதில் உள்ள ‘பதிலா’ என்ற சொல்லைச் சரிசெய்யாமல் விட்டால், அப்புறம் எத்தனை வருடம் சபையில் இருந்தாலும் மனதில் ஒரு பாரம் இருந்துகொண்டே இருக்கும்.

நம் கல்யாண மண்டபங்களின் வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெயர், ஊர், தொகை எல்லாம் மொய் நோட்டில் ஏறும். ஐந்நூறு ரூபாய் வந்தால், அந்த வீட்டு விசேஷத்துக்கு ஐந்நூறுக்குக் குறையாமல் திரும்பப் போகவேண்டும். கொஞ்சம் கூட்டி வைத்தால் மரியாதை. இதை நான் குறை சொல்லவில்லை. மகள் கல்யாணச் செலவைச் சமாளிக்க எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த நோட்டுதான் கைகொடுக்கிறது. ஆனால் நம்மை அறியாமல் அதே நோட்டை ஆலயத்துக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறோம். ஆண்டவர் இவ்வளவு வைத்தார், நான் எவ்வளவு வைக்கவேண்டும் என்று கணக்குப் பார்க்கிறோம். கிருபை அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் அதற்குக் கிருபை என்று பெயர்.

கீழே இருப்பது வகுப்பில் நான் சொல்லித்தரும் வரிசை. ஒரு படிக்கு ஒரு வாரம் எடுத்தாலும் சரி, ஒரு மாதம் எடுத்தாலும் சரி. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முதல் படி: மூன்று சொற்கள்

கிருபை, விசுவாசம், நற்கிரியை. கிருபை என்றால், தகுதி பார்க்காமல், நாம் கேட்பதற்கு முன்பே, கடவுள் இலவசமாகத் தரும் தயவு. கத்தோலிக்க நண்பர்கள் இதை ‘அருள்’ என்பார்கள். நாம் விசுவாசம் என்பதை அவர்கள் நம்பிக்கை என்பார்கள், நற்கிரியை அவர்களுக்கு நற்செயல். சொல்தான் வேறு, பொருள் ஒன்று. வீட்டில் இரண்டு மொழிபெயர்ப்பும் இருந்தால் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் புரியாத வரி, 1995ல் வந்த திருவிவிலியத்தில் பல நேரம் சட்டென்று விளங்கும்.

விசுவாசம் என்ற சொல்லிடம் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறேன்’ என்பது விசுவாசம் ஆகிவிடாது. பிசாசுகளும் அதை விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு தன் நிருபத்தின் (கடிதத்தின்) இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். விசுவாசம் என்பது நீட்டிய வெறுங்கை. தருகிறவரை நம்பி, தருவதை வாங்கிக்கொள்ளும் கை. வாங்கியதற்காக அந்தக் கைக்கு யாரும் சம்பளம் கேட்கமாட்டார்கள்.

இரண்டாம் படி: வேதத்தை இந்த வரிசையில் படியுங்கள்

முதலில் எபேசியர் 2:8 முதல் 10 வரை. எட்டாம் வசனம் நிறைய வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்.” ஒன்பதாம் வசனம், இது கிரியைகளினால் உண்டானதல்ல, ஒருவரும் பெருமைபாராட்ட இடமில்லை என்கிறது. பாதிப்பேர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும், அந்த நற்கிரியைகளையும் அவரே முன்னதாக ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார் என்றும் பவுல் எழுதுகிறார். இந்த இரண்டு இடத்தையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள்: ‘கிரியைகளினால் அல்ல’, ‘நற்கிரியைகளைச் செய்கிறதற்கு’. இரட்சிப்புக்குக் கிரியை காரணம் அல்ல. இரட்சிப்பு வந்த பிறகு நாம் நடக்கிற பாதை அது.

அப்புறம் யாத்திராகமம் 20. பத்துக் கட்டளைகள் ‘செய், செய்யாதே’ என்று தொடங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். முதல் வரி அப்படி இல்லை. “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே” என்று தொடங்குகிறது. விடுதலை கிடைத்தாயிற்று, செங்கடலைக் கடந்தாயிற்று. கட்டளை அதற்குப் பிறகுதான் வருகிறது. கட்டளையைக் கைக்கொண்டால் விடுவிக்கிறேன் என்று அவர் எகிப்தில் பேரம் பேசவில்லை.

மூன்றாவது லூக்கா 19, சகேயு. ஞாயிறு பள்ளிக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிக்கிறவர்களுக்கு, தலைவன், ஐசுவரியவான், ஊரே வெறுத்த மனிதன், காட்டத்தி மரத்தில் ஏறியிருக்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அதுவரை சகேயு ஒரு காசு திருப்பிக்கொடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அப்புறம்தான் அவன் எழுந்து, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்ப என்கிறான். எண்ணாகமம் 5ல், தவற்றை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று இருக்கிறது. நாலத்தனை என்பது யாத்திராகமம் 22ல் ஆட்டைத் திருடி விற்றவனுக்கான தண்டனை. யாரும் கேட்காமலே அந்தத் திருடனுக்குரிய கணக்கைச் சகேயு தன்மேல் போட்டுக்கொள்கிறான். கட்டாயத்தில் கொடுக்கிறவன் ஐந்தில் ஒன்றோடு நிறுத்தியிருப்பான்.

கடைசியில் ரோமர் 4, யாக்கோபு 2 இரண்டையும் ஒரே நாளில் படியுங்கள். ஆபிரகாம் விசுவாசத்தினால் நீதிமானாக எண்ணப்பட்டான் என்று பவுல் சொல்கிறார். தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்தபோது கிரியைகளினாலே அல்லவா நீதிமானாக்கப்பட்டான் என்று யாக்கோபு கேட்கிறார். புதியவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். பவுல் காட்டுவது 15ஆம் அதிகாரம், அதாவது நட்சத்திரங்களைப் பார்த்து ஆபிரகாம் நம்பிய இரவு. யாக்கோபு காட்டுவது 22ஆம் அதிகாரம், மோரியா மலையில் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த நாள். நடுவில் ஈசாக்கு பிறந்து வளர்ந்தே விட்டான். அன்றைக்கு நம்பியது உயிருள்ள நம்பிக்கைதான் என்பது பல வருடம் கழித்து மோரியா மலையில் வெளியே தெரிந்தது. பவுல் வேரைக் காட்டுகிறார், யாக்கோபு கனியைக் காட்டுகிறார். கனி காய்க்காத மரத்தைப் பார்த்து, இதன் வேர் செத்துவிட்டதே என்கிறார். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கே இந்த யாக்கோபு நிருபம் உறுத்தியது. 1522ல் தன் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். ஆனாலும் அதை வேதத்திலிருந்து நீக்கவில்லை. உங்களுக்குக் குழப்பம் வந்தால் அதற்காக வெட்கப்படவேண்டாம்.

இந்த விஷயத்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பிரிந்தார்களே என்றும் கேட்பார்கள். உண்மைதான். 1517 அக்டோபர் 31 அன்று பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக லூத்தர் எழுப்பிய கேள்விகளில் இருந்து அந்தப் பிளவு வளர்ந்தது. 482 வருடம் கழித்து, 1999ல் அதே அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நற்செயலுக்கு நம்மை அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006ல் மெதடிஸ்டுகளும் 2017ல் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் அதில் சேர்ந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ‘அவர்கள் கிரியை, நாங்கள் விசுவாசம்’ என்று யாராவது ஒரே வரியில் முடித்தால் இந்த அறிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: முதலில் திருப்பிக் கொடுக்கவேண்டியதைக் கொடுங்கள்

நற்கிரியை என்றதும் அநாதை இல்லம், ஆஸ்பத்திரி என்று பெரிதாக யோசிக்கவேண்டாம். நம்மால் யாருக்கு நஷ்டமோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

எங்கள் வகுப்புக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் வந்துகொண்டிருந்தார். சகேயுவைப் படித்த அடுத்த வாரம், எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து என்னிடம் வந்தார். அவர் கடையில் அப்போதும் தட்டுத் தராசுதான். “பொருள் வைக்கிற தட்டுக்கு அடியில புளி உருண்டை ஒட்டியிருந்தேன் அண்ணே. அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான். நேத்து ராத்திரி சுரண்டி எடுத்துட்டேன்” என்றார். எடுத்ததை இன்னொரு தட்டில் போட்டு எடை பார்த்திருக்கிறார். கிட்டத்தட்ட இருபது கிராம். ஒவ்வொரு நிறுவைக்கும் இருபது கிராம், எத்தனை வருடம் என்று கணக்குப் போட முடியாமல் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலத்தனையாகக் கொடுக்க அவருக்கு வழியில்லை. என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் யோசித்தோம். பற்று நோட்டை எடுத்து, கூலி வேலைக்குப் போகிற வீடுகளின் பழைய பாக்கியை அடித்துவிட்டார். பிறகு வீடு வீடாகப் போய், ஏன் அடித்தேன் என்று வாயைத் திறந்து சொன்னார். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு பாட்டி மட்டும், “எனக்குத் தெரியும்யா. அடுத்த கடை வரைக்கும் நடக்க முடியல, அதான் உங்கிட்டயே வாங்கினேன்” என்றாராம். அன்றிலிருந்து அந்தப் பாட்டிக்குச் சாமான் வீட்டுக்கே போகிறது.

உங்களிடமும் அப்படி ஒரு புளி உருண்டை இருக்கலாம். தராமல் இழுத்தடிக்கிற சம்பளம், அண்ணன் தம்பிக்குள் சரியாகப் பிரிக்காத நிலம், பேசாமல் விட்ட அம்மா. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பெரிய தொகையோ வழக்கோ சம்பந்தப்பட்டது என்றால் தனியாக இறங்காமல் நம்பிக்கையான ஒரு மூத்தவரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

நான்காம் படி: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்

விசுவாசத்தினாலே நீதிமானாகிறோம் என்பதைப் பவுல் கலாத்தியர் 2ல் எந்த இடத்தில் சொல்கிறார் என்று பாருங்கள். அந்தியோகியாவில் ஒரு சாப்பாட்டுப் பிரச்சினை. யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இயேசுவின் சீடர் பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். எல்லாருக்கும் முன்பாகப் பவுல் அவரைக் கண்டிக்கிறார். கிரியையினால் அல்ல, கிறிஸ்துவை விசுவாசிப்பதனால் என்ற வாதம் அந்தக் கண்டிப்பைத் தொடர்ந்துதான் வருகிறது. எல்லாரையும் கிருபை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது, நீ எப்படி எழுந்துபோகலாம் என்பதுதான் கேள்வி.

நம் சபைகளுக்கு இது பழைய காயம். 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் நிற்கிற ஊர்கள் உண்டு. சபைக்குப் புதிதாக வந்த உங்களிடம் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சபையில் நீங்கள் செய்யக்கூடிய முதல் நற்கிரியைகளில் ஒன்று, சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்தில் உங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் இடம் தேடாமல், காலியாக இருக்கிற இலையில் உட்காருவது. அப்புறம் பக்கத்து இலையில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது, உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவது.

ஐந்தாம் படி: காணிக்கையும் பொருத்தனையும்

பண விஷயத்தில் புதியவர்களைப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் விதைத்தால் லட்சமாக அறுப்பாய், வருமானத்தில் பத்தில் ஒன்றாகிய தசமபாகம் தவறினால் சாபம் வரும் என்பார்கள். அங்கே மறுபடியும் மொய் நோட்டு திறக்கப்படுகிறது. 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை நீங்களே படியுங்கள். “அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்” என்று இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையை மனதில் நியமித்து, எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். பத்தில் ஒன்று நல்ல அளவுகோல். ஆனால் கடனும் வாடகையும் கழுத்தை நெரித்தால் சிறிதாகத் தொடங்குங்கள், குற்ற உணர்வு வேண்டாம். கையில் பணமே இல்லை என்றாலும் வழி உண்டு. மிசோரத்தில் 1910ல் தொடங்கி, கிறிஸ்தவப் பெண்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். அந்த அரிசியில் சபை ஊழியங்கள் நடக்கின்றன.

பொருத்தனை பற்றி ஒரு வார்த்தை. ‘இது நடந்தால் இதைச் செய்கிறேன்’ என்று ஏற்கெனவே நேர்ந்திருந்தால் செய்து முடியுங்கள், நன்றியாகச் செய்யுங்கள். அதற்குமேல் ஆண்டவரோடு பேரம் வேண்டாம். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவேண்டும் என்று கேட்க, கையில் எதையும் பிடித்துக்கொண்டு போகவேண்டியதில்லை.

ஆறாம் படி: ஒரு சின்ன வேலை, தொடர்ந்து, சத்தமில்லாமல்

வாரத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, ஒரே ஒரு வேலையை எடுத்து, ஆறு மாதம் விடாமல் செய்யுங்கள். தெருவில் தனியாக இருக்கிற பெரியவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கணக்கு சொல்லித்தரலாம். அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாதவர் பக்கத்தில் உட்காரலாம். மத்தேயு 25ல் வலதுபக்கம் நிற்கிறவர்கள், ‘ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?’ என்று கேட்கிறார்கள். தாங்கள் செய்ததை அவர்கள் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அரிசிப் பை கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள், வாங்குகிறவரின் முகமும் அதில் விழுகிறது.

கொஞ்ச நாளில், நாம் செய்கிறோமே, மற்றவர்கள் செய்யவில்லையே என்று ஒரு எண்ணம் வரும். லூக்கா 18ல் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்த பரிசேயனின் ஜெபம் அதுதான். அந்த எண்ணம் வந்த அன்றைக்கு வேலையை நிறுத்தாதீர்கள். ஜெபத்தை அதே கதையில் வரும் ஆயக்காரனின் ஜெபமாக மாற்றுங்கள்: “தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.”

விழுந்துவிட்டால்

விழுவீர்கள். விட்ட பழக்கம் திரும்ப வரும், கோபத்தில் கையை ஓங்குவீர்கள், ஆறு மாதம் செய்த வேலையை மூன்று மாதம் மறந்திருப்பீர்கள். அப்போது, ‘என்னால் ஆகாது, நான் ஆலயத்துக்கே வரவில்லை’ என்று ஒதுங்கிய பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களை எண்ணித்தான் யோவான் 21ஐக் கடைசி வகுப்புக்கு வைத்திருக்கிறேன்.

கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்றுதரம் மறுதலித்தவர் பேதுரு. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் அவருக்காகக் காத்திருக்கிறார். அங்கேயும் கரிநெருப்பு. அதன்மேல் மீனும், பக்கத்தில் அப்பமும். ‘ஏன் மறுதலித்தாய்?’ என்று கேட்கவில்லை. “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்கிறார். ராத்திரி முழுக்க வலை இழுத்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கிறார். அவர்கள் சாப்பிட்டான பிறகுதான், என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வியும், என் ஆடுகளை மேய்ப்பாயாக என்ற வேலையும் வருகின்றன.

எங்கள் திருவிருந்து ஆராதனையிலும் அதே வரிசைதான். முதலில் முழங்கால்படியிட்டு, வலது கையை இடது கைமேல் வைத்து வெறுங்கையாக நீட்டி வாங்குகிறோம். ‘எங்களையே ஜீவபலியாகப் படைக்கிறோம்’ என்ற ஜெபம் சாப்பிட்டதற்கு அப்புறம் வருகிறது. சபையின் முழு அங்கத்தினராக உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் ஆராதனை அன்று அந்த மளிகைக் கடைக்காரர் எனக்குப் பக்கத்தில் முழங்கால்படியிட்டிருந்தார். காலையில் கடையைத் திறந்து மூடிவிட்டு நேராக வந்திருப்பார் போல. நீட்டிய உள்ளங்கையின் ரேகைகளில் மஞ்சள்தூள் அப்படியே இருந்தது. ஆயர் அந்தக் கையில் அப்பத்தை வைத்தார்.